முயலின் குடலுக்குள் போகும் மருந்து

(முயல் வளர்ப்போரும் கால்நடை மருத்துவ மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஒரு கால்நடை மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1929-இல் பெனிசிலினைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையில் ஒரு முயல் வருகிறது. பூஞ்சை வளர்ந்த திரவத்தை வடிகட்டி, அதில் 20 கன சென்டிமீட்டரை அந்த முயலின் இரத்தக் குழாயில் ஏற்றினார். முயலுக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை. இந்தப் பொருளுக்கு நச்சுத்தன்மை மிகக் குறைவு என்று எழுதிவைத்தார். அன்றைய வடிநீர் வீரியம் குறைந்தது, ஒரே ஒரு தடவைதான் கொடுக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதே பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த அமாக்சிசிலினை இன்று ஒருவர் முயலுக்கு வாய் வழியாக நாலைந்து நாள் கொடுத்தால், அந்த முயல் கழிந்து கழிந்து செத்துப்போக நிறைய வாய்ப்பு உண்டு. நாய்க்கும், பூனைக்கும், நம் வீட்டுக் குழந்தைக்கும் தினமும் கொடுக்கிற மருந்து அது. முயலுக்கு மட்டும் ஏன் விஷமாகிறது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

பதில் முயலின் வயிற்றுக்குள் இருக்கிறது. ஆடும் மாடும் தின்ற புல்லை நுண்ணுயிர்களைக் கொண்டு செரிக்கின்றன. அந்த வேலை அவற்றுக்கு முன் வயிற்றிலேயே நடந்துவிடுகிறது. முயலுக்கு அது பின்னால், சீக்கம் என்ற உறுப்பில் நடக்கிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சந்திக்கும் இடத்தில் ஒரு முனை அடைபட்ட பை அது. மனிதனுக்கு அது விரல் நீளத்தில் ஒடுங்கிப்போன ஒன்று. முயலுக்கோ இரைப்பையைப் போல் பத்து மடங்கு கொள்ளளவு. செரிமானப் பாதை மொத்தத்தின் கொள்ளளவில் ஏறக்குறைய பாதி அதற்கே போய்விடுகிறது. வயிற்றைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: மெல்லிய சுவர், சுற்றிச் சுற்றிப் போகும் வரிகள், உள்ளே கரும்பச்சைக் கூழ். கிராமத்தில் சாண எரிவாயுக் கலன் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. கலனுக்குள் வாழும் பாக்டீரியா உயிரோடு இருக்கும்வரை அடுப்பு எரியும். அதில் ஒரு வாளி பினாயிலைக் கொட்டிவிட்டால், எவ்வளவு சாணி கரைத்து ஊற்றினாலும் எரிவாயு வராது.

சீக்கத்தின் கூழில் ஒரு கிராமுக்கு ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியா இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை காற்றில்லாத இடத்தில் மட்டுமே வாழக்கூடியவை. முயலின் சொந்த நொதிகளால் உடைக்க முடியாத நார்ச்சத்தை இவை நொதிக்க வைத்து அசிட்டிக், பியூட்டிரிக், புரொப்பியோனிக் ஆகிய கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. முயலுக்கு வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கு இந்த அமிலங்களிலிருந்துதான் வருகிறது. இவற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சீக்கத்தை லேசான அமிலத்தன்மையோடு வைத்திருந்து, வேண்டாத கிருமிகள் தலையெடுக்காமல் பார்த்துக்கொள்கின்றன. மருந்தால் இந்த பாக்டீரியா செத்தால், உணவும் போகிறது, காவலும் போகிறது.

முயல் வளர்ப்பவர்கள் கூண்டைக் கவனித்திருந்தால் இரண்டு விதமான புழுக்கையைப் பார்த்திருப்பீர்கள். கூண்டில் விழுந்து கிடப்பது உலர்ந்த, உருண்டையான, நார் நிறைந்த புழுக்கை. இன்னொன்று கண்ணில் படுவதே அரிது. மென்மையாக, பளபளப்பான சவ்வு பூசிக்கொண்டு, சின்ன உருண்டைகள் கொத்தாக ஒட்டியிருக்கும். பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ முயல் குனிந்து அதை ஆசனவாயிலிருந்தே நேராக எடுத்து விழுங்கிவிடும். அது சீக்கத்தில் தயாரான பொருள்: நுண்ணுயிர்ப் புரதம், பி வகை வைட்டமின்கள், வைட்டமின் கே எல்லாம் அதில் இருக்கின்றன. முதல் முறை பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் முயல் தன் பாக்டீரியாவைப் பயிர் செய்து, அறுவடை செய்து, அதையே உண்டு வாழும் பிராணி. கூண்டின் அடியில் இந்தக் கொத்துகள் தின்னப்படாமல் கிடந்தால், உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அடர்தீவனம் அதிகமாகியிருக்கலாம், உடல் பருத்துக் குனிய முடியாமல் இருக்கலாம், நோய் தொடங்கியிருக்கலாம்.

அந்த பாக்டீரியா யார் யார் என்பதில் அறிவியலின் கருத்தே மாறியிருக்கிறது. தட்டில் வளர்த்துப் பார்த்த காலத்தில், முயலின் சீக்கத்தில் பாக்டீராய்டிஸ் இனம்தான் ஆட்சி செய்கிறது என்று எழுதினார்கள். மரபணுவை நேரடியாகப் படிக்கும் முறை வந்தபிறகு, வளர்ந்த முயலில் ஃபர்மிக்யூட்டிஸ் என்னும் பெரும் பிரிவைச் சேர்ந்தவைதான் மிகப் பெரும்பான்மை என்று தெரிந்தது. தட்டில் வளர மறுத்ததால் அவை அதுவரை கணக்கில் வரவே இல்லை. பாக்டீராய்டிஸ், பிறந்து சில வாரமே ஆன குட்டிகளில் மேலோங்கியிருந்து, குட்டி தீவனம் தின்னத் தொடங்கியதும் மெல்ல இடம் கொடுக்கிறது. ஃபர்மிக்யூட்டிஸ் பிரிவில் பெரும்பாலானவை கிராம் சாயம் ஏற்கிறவை. பெனிசிலின் வகைகளும் லின்கோமைசின், கிளிண்டமைசின் போன்றவையும் முக்கியமாகக் குறிவைத்துத் தாக்குவது அத்தகைய பாக்டீரியாவைத்தான். முயலுக்கு நாம் கொடுக்கும் மாத்திரை, சளிக் கிருமியைத் தேடிப் போகும் வழியில் முயலின் சமையற்கட்டையே இடித்துவிட்டுப் போகிறது.

காலியான இடத்துக்கு ஒரு கிருமி வரும். பெயர் கிளாஸ்டிரிடியம் ஸ்பைரோஃபார்மி. எல்லா முயலிலும் இது இருக்காது. ஆனால் இதன் வித்துகள் கூண்டிலும் சூழலிலும் இருக்கக்கூடியவை. வித்தாக இருக்கும்போது எந்த ஆன்டிபயாட்டிக்கும் அதைத் தொடாது. எதிரிகள் அழிந்த சீக்கத்தில் அது முளைத்துப் பெருகுகிறது. மாவுச்சத்து நிறைந்த தீவனத்திலிருந்து குளுக்கோஸும் கிடைத்துவிட்டால் அது கக்கும் நச்சும் பெருகும். அந்த நச்சு குடல் சுவரின் செல்லுக்குள் புகுந்து, செல்லை நிமிர்த்தி வைத்திருக்கும் ஆக்டின் என்ற புரத இழைகளைக் குலைக்கிறது. செல்கள் உருக்குலைந்து உதிர்கின்றன. உடம்பின் நீர் குடலுக்குள் வடிகிறது. ஆன்டிபயாட்டிக் தின்ற முயலின் கழிச்சலுக்கும் இந்தக் கிருமிக்கும் இந்த நச்சுக்கும் உள்ள தொடர்பை போரியெல்லோ, கார்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1983-இல் எழுதினார்கள். ஆடு வளர்ப்பவர்களுக்கு துள்ளுமாரி தெரியும். அதுவும் கிளாஸ்டிரிடியம் குடும்பத்துக் கிருமி ஒன்று குடலில் நச்சுக் கக்குவதால் வருவதுதான்.

ஒரு முயலைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு வயதான அம்மா துணிப்பையில் வைத்து வெள்ளை முயல் ஒன்றைக் கொண்டுவந்தார். பின்னங்கால் இரண்டும் நனைந்து, உரோமம் ஒட்டி, வயிறு உப்பியிருந்தது. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது.

"என்னம்மா கொடுத்தீங்க?"

"மூக்கு ஒழுகிட்டே இருந்துச்சு சார். பேரனுக்கு வாங்குன சிரப்பு மிச்சம் இருந்துச்சு, அதத்தான் ஊத்துனேன். இனிப்பா இருக்கவும் நல்லா நக்கிக் குடிச்சுது. மூக்கு நின்னு போச்சு. முந்தாநாள்லேருந்து கழியுது."

பையிலிருந்து புட்டியை எடுத்துக் காட்டினார். அமாக்சிசிலின். அந்த முயல் அன்று இரவைத் தாண்டவில்லை. அவர் அனுமதி தந்ததால் திறந்து பார்த்தோம். சீக்கத்தின் வெளிச் சுவரில் தூரிகையால் இழுத்தது போல இரத்தக் கசிவுகள். உள்ளே கூழ் இருக்க வேண்டிய இடத்தில் நாற்றமடிக்கும் பழுப்பு நீரும் வாயுவும். அந்த நீரில் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், அரை வட்டமாகவும் சுருளாகவும் வளைந்த கம்பிகள். வழக்கமான சீக்கத் துளியில் வகை வகையான உருவங்கள் நெரிசலாகத் தெரியும்; இதில் பார்வைப் பரப்பு முழுக்க அந்த வளைந்த கம்பிகளே நிறைந்திருந்தன. மாணவர்கள் இந்தக் காட்சியை மறக்கக் கூடாது. ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வரும்வரை காத்திருக்காமல், பத்து நிமிடத்தில் நோயைக் கணிக்க உதவும் காட்சி இது. அந்த அம்மாவை நான் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. முயல் மேல் உள்ள பாசத்தால் செய்த காரியம். அவருக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம்.

இது முயலுக்கு மட்டும் உள்ள பலவீனம் என்று நினைக்க வேண்டாம். 1943-இலேயே கினிப் பன்றிகளுக்குப் பெனிசிலின் கொடுத்தபோது அவை செத்துப்போனதை அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதற்கு மூன்று ஆண்டு முன்னால், 1940 மே 25 அன்று, ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரியின் குழு பெனிசிலினைச் சோதித்தது எட்டு எலிகளில். அன்று எலிக்குப் பதில் கினிப் பன்றி மேசையில் இருந்திருந்தால், பெனிசிலினை விஷம் என்று ஓரங்கட்டியிருப்பார்கள் என்று பின்னாளில் பலரும் சொன்னார்கள். 1970-களில் கிளிண்டமைசின் தின்ற நோயாளிகள் சிலருக்குக் கடுமையான பெருங்குடல் அழற்சி வந்தது. அதன் காரணம் தேடி ஹாம்ஸ்டர்களில் ஆராய்ந்த ஜான் பார்ட்லெட்டின் குழு, கிளாஸ்டிரிடியம் டிஃபிசில் என்ற கிருமியைப் பிடித்தது. இன்று உலகெங்கும் மருத்துவமனைகள் அஞ்சும் கிருமி அது. நம் குடலிலும் இதே கதைதான் நடக்கிறது. முயலுக்கு அது வேகமாக நடக்கிறது, மன்னிப்பு இல்லாமல் நடக்கிறது.

எந்த மருந்து ஆகாது? வாய் வழியாகக் கொடுக்கும் பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், லின்கோமைசின், கிளிண்டமைசின், வாய்வழி செஃபலோஸ்போரின்கள், எரித்ரோமைசின். நாய் பூனைகளுக்கென்று தயாராகும் கிளிண்டமைசின் மருந்தின் குறிப்பேட்டிலேயே முயல், ஹாம்ஸ்டர், கினிப் பன்றி, குதிரை, அசைபோடும் விலங்குகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அச்சடித்திருப்பார்கள். பொடி எழுத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை.

எந்த மருந்து ஆகும்? என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோபிரிம்–சல்ஃபா ஆகியவை காற்றில்லா பாக்டீரியாவை அதிகம் தொடாதவை. முயல் மருத்துவத்தில் இவற்றைத்தான் முதலில் நினைப்போம். மெட்ரோனிடசோல் காற்றில்லா பாக்டீரியாவைத் தாக்கினாலும் கிளாஸ்டிரிடியத்தையும் அடக்குவதால், கழிச்சல் வந்த முயலுக்கே அதைப் பயன்படுத்துகிறோம். பெனிசிலினை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. முயலுக்கு வரும் ட்ரெப்போனிமா நோய்க்கு ஊசி வழிப் பெனிசிலின்தான் சிறந்த மருந்து. ஊசியில் போகும்போது சீக்கத்தை எட்டும் அளவு குறைவு. ஆனாலும் ஊசி போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சில மருந்துகள் பித்தத்தோடு கலந்து மறுபடி குடலுக்கே வந்து சேரும். காயத்தில் தடவிய களிம்பையும் முயல் நக்கித் தின்றுவிடும். பாதுகாப்பானது என்று பெயரெடுத்த மருந்தைக் கொடுக்கும்போதும் புழுக்கையின் அளவையும், தின்னும் அளவையும் தினமும் பாருங்கள். மருந்தை நிறுத்திய பிறகும் சில நாள் பார்க்க வேண்டும். கழிச்சல் தாமதமாகவும் வரும்.

முயல் வளர்ப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மன்னவனூரில் இருக்கும் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையத்திலிருந்து வெள்ளை ஜெயண்டும் சோவியத் சின்சில்லாவும் வாங்கி வந்து வளர்ப்பவர்கள் இங்கே இருப்பீர்கள். பக்கத்திலேயே கோழியும் இருக்கும். கோழிக்கென்று விற்கும், தண்ணீரில் கலக்கும் பொடிகளில் லின்கோமைசின் சேர்ந்தவை உண்டு. மீந்ததை முயல் தண்ணீரில் கலக்காதீர்கள். கோழித் தீவனத்தில் கோக்சிடியம் என்ற ஒட்டுண்ணிக்காகச் சேர்க்கும் சில மருந்துகளும் முயலுக்கு நஞ்சு. தீவனம் தீர்ந்துவிட்டது, ஒருநாள்தானே என்று கோழித் தீவனத்தை முயலுக்குக் கொட்டக் கூடாது.

குட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பண்ணையில் சாவு அதிகம் நிகழ்வது பால் மறக்கும் நேரத்தில்தான். வளர்ந்த முயலின் இரைப்பையில் அமிலம் மிகக் கடுமை. எந்தக் கிருமியும் எளிதில் தாண்டாது. பால் குடிக்கும் குட்டிக்கு அந்த அமிலம் இல்லை. அதற்குப் பதில் தாய்ப்பாலிலிருந்து குட்டியின் வயிற்றில் உருவாகும் கொழுப்பு அமிலங்கள் கிருமியைத் தடுக்கின்றன. பால் நிற்கும் வாரங்களில் பழைய காவல் விலகிவிடும், புதிய காவல் இன்னும் வந்திருக்காது. தாய் முயல் கூட்டில் தன் புழுக்கையில் சிலவற்றை விட்டுப்போகும். குட்டிகள் அதைக் கொறிக்கும். சுத்தம் என்று எண்ணி நாம் அதைத் துடைத்தெடுக்கிறோம். பிரான்சில் துலூஸ் நகர ஆய்வாளர்கள் செய்த சோதனையில், தாயின் புழுக்கையைத் தின்ன விட்ட குட்டிகளின் குடல் பாக்டீரியா சீக்கிரம் முதிர்ந்தது. தின்ன விடாத குட்டிகளில் சாவு அதிகமாக இருந்தது. இந்த நேரத்தில் வரும் கழிச்சலுக்குப் பலசமயம் அந்தக் கோக்சிடியம்தான் காரணம். அமாக்சிசிலினால் அதற்கு எந்தப் பயனும் இல்லை. புழுக்கையைப் பரிசோதிக்காமல் மருந்து கொடுப்பது, நோயை விட்டுவிட்டுக் குடலை அடிப்பதாகிவிடும்.

பிரான்சின் அனுபவம் நமக்குப் பாடமாக வேண்டும். 1996 இறுதியில் அந்நாட்டின் மேற்குப் பகுதிப் பண்ணைகளில் புதிதாக ஒரு குடல் நோய் வெடித்து, ஐரோப்பா முழுக்கப் பரவியது. பேசிட்ராசின், டியாமுலின் போன்றவற்றைத் தீவனத்தில் கலந்தால் சாவு குறைந்தது. மருந்து இல்லாமல் பண்ணை நடத்த முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள். பிறகு 2012-இல் எகோஆன்டிபியோ என்ற திட்டத்தின் கீழ், எல்லாக் கால்நடைகளிலும் ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டை ஐந்தாண்டில் 25 சதவீதம் குறைக்க அரசே முனைந்தது. அங்கே முயல் பண்ணைகளில் கைகொடுத்த வழிகளில் ஒன்று மிக எளியது: பால் மறந்த குட்டிகளுக்குச் சில வாரம் தீவனத்தை அளந்து, வயிறு முட்டக் கொடுக்காமல், நாலில் ஒரு பங்கு போலக் குறைத்துக் கொடுத்தார்கள். கூடவே நார்ச்சத்தைக் கூட்டினார்கள். எடை சற்றுத் தாமதமாக ஏறினாலும் குட்டிகள் பிழைத்தன.

நம்மூரில் இதைச் செய்யச் செலவே இல்லை. காய்ந்த கொழுக்கட்டைப் புல், காயவைத்த வேலிமசால், முயல் மசால், பூஞ்சணம் பிடிக்காத கடலைக்கொடி. இவை கூண்டில் எந்நேரமும் இருக்கட்டும். மக்காச்சோளமும் தவிடும் கலந்த அடர்தீவனத்தை அளந்து போடுங்கள். தீவனத்தை மாற்ற வேண்டுமென்றால் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஆன்டிபயாட்டிக் போகும் நாட்களில் அடர்தீவனத்தைக் குறைத்து உலர்புல்லைக் கூட்டுங்கள்.

கழிச்சல் வந்துவிட்டால்? முதலில் அந்த மருந்தை நிறுத்துங்கள். முயலைக் கதகதப்பாக வையுங்கள். நீரும் உப்பும் வெளியேறிக்கொண்டே இருப்பதால், தோலுக்கடியிலோ இரத்தக் குழாயிலோ திரவம் ஏற்ற வேண்டியிருக்கும். அது மருத்துவர் வேலை, தாமதிக்க நேரமில்லை. குடலில் நச்சைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டிரமின் என்ற பொடி ஆய்வக முயல்களில் பலன் தந்திருக்கிறது. ஆரோக்கியமான முயலின் மென் புழுக்கையைக் கொடுத்து பாக்டீரியாவை மறுபடி குடியேற்றுவதும் உண்டு. கொடுக்கும் முயலின் உடல்நிலை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தயிரும் மோரும் கொடுக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறீர்கள். தயிரில் இருக்கும் லாக்டோபேசில்லஸ் முயலின் சீக்கத்தில் இயல்பாக ஆட்சி செய்யும் இனம் அல்ல. வளர்ந்த முயலின் இரைப்பை அமிலத்தைத் தாண்டிப் போவதும் கடினம். அதை நம்பி இரண்டு நாளை வீணாக்காதீர்கள்.

மருந்துக் கடைக்காரர் யாராவது இந்த அரங்கில் இருந்தால் அவருக்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கக் கூடாது என்பது சட்டம். முயலுக்கு என்று யாராவது கேட்டால், தயவுசெய்து கால்நடை மருந்தகத்துக்கு அனுப்பிவையுங்கள்.

முயல் வளர்ப்பவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கூண்டுக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள்: அமாக்சிசிலின், ஆம்பிசிலின், வாய்வழிப் பெனிசிலின், வாய்வழி செஃபலோஸ்போரின், லின்கோமைசின், கிளிண்டமைசின், எரித்ரோமைசின் — வாயில் ஊற்றக் கூடாது. அதன் கீழே உங்கள் கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் எழுதிவையுங்கள்.